புழு தின்னும் செடியிலிருந்து தொடங்குங்கள்: பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் தங்கும் தோட்டத்துக்கான செடித் தேர்வு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும் இரண்டு சென்ட் இடத்தில் பட்டாம்பூச்சிகளுக்காக நான் முதலில் நட்டவை எல்லாம் பூச்செடிகள்தாம். இட்லிப்பூவும் நித்தியகல்யாணியும் பூத்துக் குலுங்கின. பட்டாம்பூச்சிகளும் வந்தன, தேனைக் குடித்தன, போய்விட்டன. பூ அவற்றுக்குச் சாப்பாட்டுக்கடை மட்டுமே என்பதும், முட்டையிட்டுப் பெருக வேறு இலைகள் வேண்டும் என்பதும் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதற்படி: புழுவுக்கான செடி

ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் ஒரு செடி: எலுமிச்சை அழகி கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு, வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. இடம் குறைவென்றால் கறிவேப்பிலையும் எருக்குமே போதும். வீட்டில் எருக்கு ஆகாது என்று என் அத்தை தடுத்ததால் அதை மதிலுக்கு வெளியே வைத்தேன். விநாயகர் சதுர்த்தியன்று தெருவே வந்து பூவைப் பறித்துக்கொண்டு போனாலும் இலை மிஞ்சுகிறது. புழுவுக்கு அதுதான் தேவை.

என்னைத் தடுக்கி விழவைத்தது கறிவேப்பிலைதான். நர்சரியில் பளபளவென்று ஓர் இலைகூடக் கடிபடாமல் நின்ற கன்றை வாங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் முட்டைகள் தென்பட்டன; ஆனால் பொரிந்த புழுக்கள் இரண்டு மூன்று நாட்களில் சுருண்டு விழுந்தன. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகள் இலையின்மேல் மட்டும் நிற்பதில்லை, சாற்றோடு கலந்து செடி முழுவதும் ஓடி, பூந்தேனிலும் மகரந்தத்திலும்கூடச் சேர்கின்றன என்று பிறகு படித்தபோதுதான், அந்தப் பளபளப்புக்கு விலை கொடுத்தது யார் என்று எனக்கு உறைத்தது. அதனால் இப்போது கறிவேப்பிலையைக் கடையில் வாங்குவதே இல்லை. அண்டை வீட்டு மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றை மழைக்காலத்தில் வேரோடு பெயர்த்து வைக்கலாம். அல்லது கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதை காய்ந்துபோகும் முன் அந்த வாரமே ஊன்றிவிடலாம். கடிபட்ட இலையுள்ள கன்றையே தேர்ந்தெடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

எலுமிச்சை அழகியின் இளம் புழு பறவை எச்சம்போல் இருக்கும், துடைத்துப் போட்டுவிடாதீர்கள். வளர்ந்தபின் பச்சை நிறமாகி, தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவட்டைபோன்ற கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். கடிக்காது.

இரண்டாம் படி: பூ

செம்பருத்தியில் ஒற்றையடுக்கையே வையுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாகவே மாறிவிடுவதால் பூச்சிகளுக்கு அதில் கிடைப்பது குறைவு. துளசியைக் கதிர்விட அனுமதித்தால் கொசுத்தேனீக்கள் நாள் முழுவதும் மொய்க்கும். முருங்கைப்பூ தேனீக்கும் தேன்சிட்டுக்கும் பொதுச்சொத்து. ஆனால் கிளை வலுவற்றது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலைப் பார்த்தவர்கள் அதைச் சுவரோரமோ கூரையோரமோ நட மாட்டார்கள். உண்ணிச்செடியில் எத்தனை பட்டாம்பூச்சி அமர்ந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது பரவிய இடத்தில் நாட்டுச் செடிகளுக்கு இடமிருக்காது.

மூன்றாம் படி: நடவு

கடற்கரைப் பக்கத்து மணல் நீரைப் பிடித்து வைக்காது. குழியில் மக்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் கலக்க வேண்டும். புரட்டாசிக்குள் நட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையான குரோ பேக் நம் வெயிலில் இரண்டு ஆண்டில் கிழிகிறது. எனக்கு மண்தொட்டிதான் பிடிக்கும்.

நான்காம் படி: கையைக் கட்டிக்கொள்வது

மருந்தடிக்காதீர்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் குழாய்நீரைப் பீய்ச்சினால் போதும். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுகளுக்குச் சிலந்தியையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. சிலந்தி வலையை எடுத்துக் கூடும் பின்னுகிறது. ஒட்டடையை வீட்டுக்குள் மட்டும் அடித்தால் நல்லது.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர், புழு முழுச்செடியையும் மொட்டையடித்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும். ஆனாலும் சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என இரண்டு கன்றுகள் வைப்பதே சண்டையில்லாத வழி, புழுவை இலையோடு கிள்ளி இடம் மாற்றலாம். ஆடுதீண்டாப்பாளையைக் கஷாயமாகக் குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது, அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பறவைகளுக்கு வைத்த மண்தட்டில் கொசுப்புழு வந்ததாகச் சொன்னவர்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, விளிம்பைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்ப வேண்டும். நீரை மட்டும் மாற்றினால் விளிம்பில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும்.