லைவ் பென் டிரைவில் லினக்ஸ்: விண்டோஸுக்குச் சேதம் வராமல் ஓட்டிப் பார்க்க

லைவ் முறையில், அதாவது கணினியில் நிறுவாமல், லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதற்குக் கணினியின் ஹார்டு டிஸ்க் தேவையே இல்லை. முழு இயங்குதளமும் பென் டிரைவிலோ டிவிடியிலோ சுருக்கி வைக்கப்பட்ட, படிக்க மட்டுமே முடிகிற கோப்பாக இருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் ரேமில் தங்கும். கணினியை அணைத்ததும் போய்விடும். 2000-களின் தொடக்கத்தில் கிளாவுஸ் நாப்பரின் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் 700 எம்பி சிடியில் செய்து காட்டியதும் இதைத்தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்ட மேசைக் கணினியிலும் லைவ் லினக்ஸ் ஓடும். பயம் அதிகமாக இருந்தால் முதல் முறை அப்படியே செய்யுங்கள்: மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிட்டால் எதுவும் அதைத் தொட முடியாது.

ஆபத்து லினக்ஸ் ஓடுவதில் இல்லை, அதைச் சுற்றி நாம் செய்யும் வேலைகளில் இருக்கிறது. தவறான டிரைவில் ஐஎஸ்ஓவை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) எழுதுவது, பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புரியாமல் ஒன்றை மாற்றுவது, லைவ் திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்துவது ஆகிய மூன்றும்தான் தரவைப் பறிக்கின்றன. லினக்ஸில் பல வகைகள் உண்டு; இங்கே லினக்ஸ் மின்ட்டை வைத்துச் சொல்கிறோம். உபுண்டுவுக்கும் ஃபெடோராவுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் பிட்லாக்கர் சாவி

பலரும் தவறவிடும் இடம் இது. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல், பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் காப்பு) அணைத்தாலோ, சில கணினிகளில் பூட் வரிசையை (எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லை என்றால் கோப்புகளும் இல்லை. கடைக்காரராலும் மீட்க முடியாது.

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்தால் பயனில்லை. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஐஎஸ்ஓ எடுப்பதும் எழுதுவதும்

மின்ட்டின் ஐஎஸ்ஓ 3 ஜிபிக்கு அருகில் இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். கணினியில் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்காமல் எழுத வேண்டாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் சொந்த வலைத்தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அத்தகைய கோப்பைக் காட்டிக்கொடுப்பது சரிபார்ப்பு எண்தான். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், ஐஎஸ்ஓவின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ பட்டியலில் எஸ்எச்ஏ-256 தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட எண்ணும் மின்ட் தளத்தில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். தளமே கைமாறினால் அங்குள்ள எண்ணையும் மாற்ற முடியும் என்பதால், மின்ட் அந்த எண்களின் கோப்புக்கு ஜிபிஜி கையொப்பமும் (கோப்பு அவர்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) வெளியிடுகிறது. அதையும் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் செய்துவிடுங்கள்.

எழுத ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் போதும். பென் டிரைவில் இருக்கும் எல்லாமே அழியும். எழுதும் முன் மற்ற எல்லா யூஎஸ்பி டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள். ரூஃபஸில் யூஎஸ்பி ஹார்டு டிரைவ்களையும் காட்டு என்ற தேர்வு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். தொட்டால் நீங்கள் நகல் எடுத்து வைத்த வெளி டிஸ்க்கும் பட்டியலில் வந்து நிற்கும். பெயரை நம்பாமல், காட்டும் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எழுதி முடிந்தபின், டிரைவை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாததால் வரும் கேள்வி அது. கேன்சல் செய்யுங்கள். டிவிடியில் எழுதுவதானால் ஐஎஸ்ஓ கோப்பை இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. வலது கிளிக்கில் வரும் பர்ன் டிஸ்க் இமேஜைப் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸை முழுமையாக அணைத்தல்

ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துத் தூங்குகிறது. அந்த நிலையில் இன்னோர் இயங்குதளம் அதே பகுதியில் எழுதினால் கோப்பு அமைப்பு குழம்பிவிடும். லினக்ஸ் பொதுவாக இதைக் கண்டுபிடித்து எழுத மறுக்கும். வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகளைத் தேடிப் போகாதீர்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் உண்மையாக அணையும். ரீஸ்டார்ட்டும் அப்படித்தான்.

பூட் செய்தல்

பயாஸுக்குள் போகாமல், ஒருமுறை மட்டும் செல்லும் பூட் மெனுவைப் பயன்படுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும்.

மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் நான்கும் செக்யூர் பூட்டுடனேயே ஓடும், அதை அணைக்கத் தேவையில்லை. பழைய ஐஎஸ்ஓ ஒன்று செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று சொல்லி நின்றால், 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்கள்) தடுத்ததே காரணமாக இருக்கலாம். செக்யூர் பூட்டை அணைப்பதைவிடப் புதிய ஐஎஸ்ஓ எடுப்பது மேல். திரை கறுப்பாக நின்றால், பூட் மெனுவில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

உள்ளே போனபின் ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்றால் அது இன்டெல் ஆர்எஸ்டி ரெய்டு என்ற டிஸ்க் இணைப்பு முறையில் இருக்கக்கூடும். பயாஸில் ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதற்கு அந்த டிஸ்க் தெரியவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

லைவ் திரையில்

மின்ட்டில் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் என்ற ஐகான் கண்ணெதிரே இருக்கும். அதைத் திறந்தால் சில படிகளில் எரேஸ் டிஸ்க் என்ற தேர்வுக்கு வந்து நிற்பீர்கள். டிஸ்க்கைப் பிரிக்கவும் அழிக்கவும் உதவும் ஜிபார்டட், டிஸ்க்ஸ் ஆகிய இரண்டு கருவிகளும் அதே அளவுக்கு ஆபத்தானவை. லைவ் பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது, நிர்வாக உரிமை முழுதாக உண்டு; தடுத்துக் கேட்க யாருமில்லை.

விண்டோஸ் டிரைவ் தானாகத் திறக்காது. கோப்பு மேலாளரில் நீங்கள் கிளிக் செய்தால் திறக்கும், அப்போது எழுதவும் அழிக்கவும் முடியும். குறியாக்கம் இல்லாத டிஸ்க்கில் விண்டோஸ் கடவுச்சொல் இதைத் தடுக்காது. உங்கள் கணினியை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதற்கும் இது பொருந்தும்.

வைஃபை, ஒலி, வெப்கேம், திரை வெளிச்சம், பிரிண்டர் ஆகியவற்றைச் சோதியுங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையைச் சேர்த்து, தட்டிப் பாருங்கள். வேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்: யூஎஸ்பி 2.0 பென் டிரைவில் எதுவும் மெதுவாகத்தான் திறக்கும், டிவிடி அதைவிட மோசம்.

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாத ஓர் இடமும் உண்டு. 2013-ல் சில சாம்சங் மடிக்கணினிகள், யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) முறையில் லினக்ஸ் பூட் செய்ததும் செயலிழந்தன. 2017 டிசம்பரில், சில லெனோவோ மாதிரிகளின் பயாஸைக் கெடுத்ததால் உபுண்டு 17.10 ஐஎஸ்ஓ திரும்பப் பெறப்பட்டு, அடுத்த மாதம் திருத்தி வெளியிடப்பட்டது. இரண்டும் அரிது, இரண்டும் சரிசெய்யப்பட்டன. வெளியாகி ஓரிரு வாரமே ஆன பதிப்பை எடுக்காமல் இருப்பதே இதற்கு எளிய காப்பு.

வெளியே வரும்போது

மெனுவிலிருந்து ஷட் டவுன் கொடுத்து, பென் டிரைவை எடுக்கச் சொல்லும் வரி வந்தபின் எடுத்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் திறந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது. நேர அமைப்பில் சிங்க் நவ் அழுத்தினால் சரியாகும். பென் டிரைவின் கொள்ளளவு குறைந்து தெரிந்தால், ரூஃபஸில் 'நான்-பூட்டபிள்' (Non bootable) என்பதைத் தேர்ந்து ஸ்டார்ட் கொடுங்கள், முழு அளவும் திரும்பும்.