சட்டைப் பைக்கு ஒரு திருகு டார்ச்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்

உடுமலைப் பக்கம் தோட்டங்களில் மோட்டார் வேலை பார்க்கிறேன். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில் பத்து மணிக்கு மேல்தான் போன் அடிக்கும். "தம்பி, மோட்டார் எடுக்க மாட்டேங்குதுங்க, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். மோட்டார் ரூமில் பல்பு இருக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நான் குனிந்தால் என் நிழல்தான் உள்ளே விழும். அதனால் பதினோரு வருடமாக, விரல் நீள டார்ச் ஒன்று சட்டைப் பையில் இல்லாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

போன் வெளிச்சம் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கை ஈரமாக இருந்தால் போன் திரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு கையில் டெஸ்டர், மறு கையில் ஸ்பேனர் இருக்கும்போது போனை எங்கே வைப்பது? போர்வெல் மேட்டில் குனிந்து நிற்கும்போது அது கை நழுவினால் போனது போனதுதான். சின்ன டார்ச்சை உதட்டில் கவ்விக்கொள்ளலாம், தொப்பியில் செருகலாம், கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

பட்டன் டார்ச்சுகளும் வைத்திருந்தேன். முதலில் கெட்டது எப்போதும் பட்டன்தான். ரப்பர் கிழியும், உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் தளரும், அப்புறம் தட்டினால்தான் எரியும். தலையைத் திருகி எரியவைக்கும் திருகு டார்ச்சில் சுவிட்ச் என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. தலையை இறுக்கும்போது குழாயின் மேல் விளிம்பு, தலைக்குள் இருக்கும் வட்டப் பலகையின் ஓர வளையத்தைத் தொடுகிறது. தொட்டால் எரியும், விலகினால் அணையும். மரையும் அந்த விளிம்பும்தான் சுவிட்ச். எனவே கடையில் பெட்டி மேல் உள்ள லூமன் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவைப் பார்ப்பதற்கு முன் தலையைக் கழற்றி இந்த இடத்தைப் பாருங்கள்.

கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாலைந்து முழுச் சுற்றாவது வேண்டும். இரண்டு சுற்றில் கையோடு வந்துவிடும் தலை, ஒரு நாள் பைக்குள்ளேயே கழன்று தொலையும். மரைப் பள்ளங்கள் ஒரே சீராக இருக்கிறதா, திருகும்போது மணல் அரைப்பது போல உறுத்துகிறதா என்று விரலில் உணருங்கள். பிறகு குழாயின் விளிம்பு. டார்ச்சின் உடம்புக்கு ஏற்றியிருக்கும் கறுப்புப் பூச்சு, அதாவது அனோடைஸிங், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே விளிம்பில் மட்டும் பூச்சு இல்லாமல் அலுமினியம் பளிச்சென்று தெரிய வேண்டும். நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பிசிறோ பள்ளமோ தட்டுப்பட்டால் வேறு கேளுங்கள்.

அடுத்த சோதனையை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. செல்லைப் போட்டு எரியும்வரை இறுக்குங்கள். பிறகு மெதுவாகத் தளர்த்தி, அணைந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். இப்போது தலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பக்கவாட்டில் அசையுங்கள், உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். மினுக்கென்று எரிந்தால் மரையில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். சின்ன ஆட்டம் எல்லா திருகு டார்ச்சிலும் இருக்கும். இன்னும் கால் சுற்று தளர்த்தி அதையே செய்யுங்கள். அதற்கு மேல் ஒரு தடவைகூட எரியக் கூடாது. அரைச் சுற்று தளர்த்திய பிறகும் அழுத்தினால் எரிகிறதென்றால் அந்த டார்ச் வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மார்கழி இரவில். பேன்ட் பையில் சாவிக்கொத்தோடு டார்ச்சைப் போட்டிருந்தேன். வண்டியில் போகும்போது தொடையில் லேசாகச் சூடு தெரிந்தது. வண்டிச் சூடு என்று விட்டுவிட்டேன். இருபது கிலோமீட்டர் தாண்டி, தோட்டத்தில் இறங்கி டார்ச்சை எடுத்தால் செல் தீர்ந்து மங்கிக் கிடந்தது. சாவிகள் அழுத்தி அழுத்தி வழியெல்லாம் எரிந்து வந்திருக்கிறது. அன்றைக்குத் தோட்டக்கார அண்ணன் தன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஓவர்லோட் ரிலேயை மாற்றி முடிக்க ஒரு மணியாகிவிட்டது. அதிலிருந்து டார்ச்சைச் சாவியோடு சேர்த்துப் போடுவதில்லை. அணைத்த பிறகு கூடவே ஒரு அரைச் சுற்று தளர்த்துவதும் கைப்பழக்கமாகிவிட்டது.

ஒரு கையால் எரியவைக்க முடிகிறதா என்பதும் முக்கியம். குழாயை மூன்று விரலில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையைத் திருக வேண்டும். உலர்ந்த கையில் எல்லாமே திரும்பும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு விரலை நனைத்துக்கொண்டு திருகிப் பாருங்கள். மேல்பகுதியில் சொரசொரப்பாகக் கட்டம் வெட்டியிருந்தால் எண்ணெய்க் கையிலும் பிடி கிடைக்கும். வழுவழு உருளை அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வளையம் வெட்டித் தலையில் மாட்டுங்கள். பல்லில் கவ்வும்போது அலுமினியம் உறுத்தாமல் இருக்கவும் இன்னொரு வளையம் உதவும்.

எந்த செல்? ட்ரிபிள் ஏ என்றால் 10.5 மில்லிமீட்டர் தடிமன், 44.5 நீளம், டிவி ரிமோட்டில் போடுகிறோமே அதேதான். டார்ச் பேனாவோடு பேனாவாகச் சட்டைப் பையில் நின்றுவிடும். டபுள் ஏ தடிமன் 14.5; பையில் இருப்பது தெரியும், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். தினமும் பையில் இருக்க வேண்டும் என்பவருக்கு ட்ரிபிள் ஏ போதும். கனமாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகும் டார்ச் இருட்டில் உதவாது.

லூமன் விஷயத்தில் ஏமாந்துபோகாதீர்கள். 2009-இல் வந்த எஃப்எல் 1 என்ற அளவீட்டு முறைப்படி, டார்ச்சை எரியவிட்டு 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுத்த அளவுதான் பெட்டியில் போடும் லூமன். எத்தனை மணி நேரம் எரியும் என்பது, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். இந்த முறையைக் குறிப்பிடாமல் வெறுமனே ஆயிரம், ஐயாயிரம் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரே ஒரு ட்ரிபிள் ஏ செல்லில் 100 லூமன் வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பார்க்க 10 லூமன் தாராளம். வரப்பில் நடக்க, பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க, 80 அல்லது 100 இருந்தால் நிம்மதி.

ஒன்றுக்கு மேற்பட்ட வெளிச்ச அளவு உள்ள டார்ச்சில், அணைத்து அணைத்துத் திருகினால் அளவு மாறும். எரிந்தவுடன் குறைந்த வெளிச்சம் முதலில் வருவதையே தேர்ந்தெடுங்கள். நடுராத்திரி குழந்தை தூங்கும் அறையில் மருந்து பாட்டிலைத் தேடும்போது எடுத்த எடுப்பில் 100 லூமன் கண்ணில் அடித்தால், அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு எதுவும் தெரியாது.

மோட்டார், ஃபேன், கடைசல் இயந்திரம் என்று சுழலும் பொருட்களோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக எல்இடியை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கின்றன. கண்ணுக்கு அது சாதாரணமாக எரிவது போலத்தான் தெரியும். ஆனால் அந்தத் துடிப்பும் ஷாஃப்ட்டின் சுழற்சியும் ஒத்துப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் நிற்பது போலக் காட்டும். நின்றுவிட்டது என்று கையை வைத்தால் விரல் போகும். குறைந்த வெளிச்சத்தில் வைத்து, விரல்களை விரித்து டார்ச் முன்னால் வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல்கள் இழுத்த கோடாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனி விரலாகப் பல பிம்பம் தெரிந்தால் அந்த டார்ச்சை மோட்டார் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

நிறமும் எனக்கு வேலை விஷயம்தான். மூன்று ஃபேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம். மண்ணும் எண்ணெயும் படிந்த பழைய கேபிளில், நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தை அடித்தால் சிவப்பு பழுப்பாகத் தெரியும். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான அளவு சிஆர்ஐ; அது 90-க்கு மேல் என்று போட்ட டார்ச்சில் சிவப்பு சிவப்பாகவே தெரியும். கடையில் சோதிக்க உங்கள் உள்ளங்கையே போதும். தோல் உயிரோட்டமாகச் சிவந்து தெரிந்தால் எல்இடி நல்லது, வெளிறிய சாம்பல் பூசியது போல இருந்தால் மட்டம். இந்த வகையில் சோஃபிர்ன் சி01 எனக்குப் பிடித்தது. ஒரே வெளிச்சம்தான், தூரம் அடிக்காது, ஆனால் கேபிள் நிறம் தப்பவே தப்பாது. ஃபெனிக்ஸ் இ01 பழைய மாதிரி கிடைத்தால் அதையும் வாங்கலாம். 10 லூமன் சொச்சம்தான் என்றாலும் செல்லை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கும். அதிக வெளிச்சம் வேண்டுபவர்களுக்கு ஓலைட் ஐ3இ, 90 லூமன். மூன்றுமே ஒரு ட்ரிபிள் ஏ செல், தலையைத் திருகும் வகை.

இப்போது செல். நல்ல டார்ச்சுகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். வண்டி டூல் பாக்ஸில் உபரியாக ஒரு டார்ச்சை ஆல்கலைன் செல்லோடு போட்டுவிட்டுச் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் திறக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் மரை முழுக்க வெள்ளைப் பொருக்கு. செல் உள்ளே உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. தட்டியும் வரவில்லை, எண்ணெய் விட்டும் வரவில்லை. கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து செல் வெளியே வந்துவிட்டால், பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்கலாம். நுரைத்து அடங்கியதும் ஈரத்துணியால் ஒற்றி, ஒரு நாள் திறந்தபடியே உலர விடுங்கள். வெறும் விரலால் தொடாதீர்கள், எரியும்.

அதன் பிறகு நான் போடுவது சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் முதல், சும்மா இருந்தாலும் சார்ஜ் வடியாத வகை வந்துவிட்டது. ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி இருக்கும். 1.2 வோல்ட்தான், ஆனால் நல்ல டார்ச்சுக்குள் இருக்கும் சர்க்யூட் அதை எல்இடிக்கு வேண்டிய மூன்று வோல்ட் அளவுக்கு ஏற்றிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ட்ரிபிள் ஏ அளவிலேயே 10440 என்று ஒரு லித்தியம் அயன் செல் கிடைக்கும். அது 3.7 வோல்ட். டார்ச்சின் குறிப்புத்தாளில் போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய அதைப் போடாதீர்கள். சர்க்யூட் புகைந்துவிடும்.

தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் 7 போதும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அதைக் காப்பாற்றுவது மரைக்குக் கீழே உள்ள ஓ-ரிங் என்ற மெல்லிய ரப்பர் வளையம். திருகித் திருகி அது தேயும், காயும். கூடவே ஒரு உபரி ரிங் தருகிறார்களா என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை மரையைப் பழைய பனியன் துணியால் துடையுங்கள், கறுப்பு மை போல அழுக்கு வரும். விளிம்பை அழிரப்பரால் தேய்த்துப் பளிச்சாக்குங்கள். வெளிச்சம் நடுங்கினால் பத்தில் எட்டு தடவை இதிலேயே சரியாகிவிடும். பிறகு ரிங்கில் சிலிக்கான் கிரீஸ், கடுகளவு. எங்கள் பக்கம் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால் பலரும் அதைத் தொட்டு வைக்கிறார்கள். அது பனிக்காலக் காலையில் உறைந்துபோகும், நாளடைவில் பிசினாகிப் பைத் தூசியை இழுத்துக்கொள்ளும். விளிம்பில் எந்த கிரீஸும் படக் கூடாது.

கிளிப் இருப்பதையே வாங்குங்கள். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

வாங்கிய முதல் வாரம் பழைய டார்ச்சும் கூடவே இருக்கட்டும். புதியதைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல உட்காருங்கள், வண்டி ஓட்டுங்கள், மூட்டை தூக்குங்கள். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் தானாக எரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு தடவை எரிந்திருந்தாலும் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.