கால்குலேட்டர் மாறினால் விடையும் மாறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையிலிருப்பது எந்த வகைக் கால்குலேட்டர் என்று பார்க்காமலே தட்டத் தொடங்குவதுதான் முதல் தவறு. 2 + 3 × 4 = என்று தட்டிப் பாருங்கள். 14 வந்தால் அது பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் முடிக்கும் வகை. பள்ளிப் பிள்ளைகளின் சயின்டிஃபிக் கால்குலேட்டரும், இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். 20 வந்தால், தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகும் கல்லாப்பெட்டி வகை. விண்டோஸ் கால்குலேட்டரில் இரண்டும் உண்டு: 'ஸ்டாண்டர்ட்' முறையில் 20, 'சயின்டிஃபிக்' முறையில் 14.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒன்று 2.50 வெள்ளி வீதம் 3 தேங்காய், ஒன்று 1.20 வெள்ளி வீதம் 4 வாழைக்காய் வாங்கினால் மொத்தம் 12.30 வெள்ளி. இதையே கல்லாப்பெட்டி வகையில் 3 × 2.5 + 4 × 1.2 என ஒரே மூச்சில் தட்டினால் 13.80 என்று காட்டும், 7.5-உடன் 4-ஐக் கூட்டி, அந்த 11.5-ஐ 1.2-ஆல் பெருக்கிவிடுகிறது. பழைய நினைவகத்தை அழித்துவிட்டு 3 × 2.5 எம்+ (விடையை நினைவகத்தில் கூட்டும் M+ பொத்தான்), 4 × 1.2 எம்+ என்று தட்டி, கடைசியில் எம்ஆர் (நினைவகத் தொகையைக் காட்டும் MR பொத்தான்) தட்டுங்கள்.

கல்லாப்பெட்டி பழக்கம் தேர்வறையிலும் காலை வாரும். 12, 8 இரண்டின் கூட்டுத்தொகையை 5-ஆல் வகுக்க, கல்லாப்பெட்டி வகையில் 12 + 8 ÷ 5 போதும், 4 வரும். சயின்டிஃபிக் வகையில் அதற்கு 13.6 வரும். (12 + 8) ÷ 5 என்று தட்ட வேண்டும், அல்லது 8-க்குப் பிறகு ஒருமுறை = தட்ட வேண்டும். கீழே 4 × 5 இருக்கும் பின்னத்தில் இரண்டு வகையுமே கவிழ்க்கும்: 120 ÷ 4 × 5 என்றால் 150. வேண்டியது 6 என்றால் 120 ÷ 4 ÷ 5.

% பொத்தானை நம்பவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 100 + 9 % என்று தட்டினால் பல கைப்பேசிகளில் 109 வரும். சில சயின்டிஃபிக் மாடல்களில் 100.09. சில மேசைக் கால்குலேட்டர்களில் 109.89, அவை 9 விழுக்காட்டை விற்பனை விலையில் கிடைக்கும் லாபமாக எடுத்துக்கொண்டு 100-ஐ 0.91-ஆல் வகுக்கின்றன. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) 2024 முதல் 9% என்பதால் 1.09-ஆல் பெருக்கினால் எந்தக் கருவியிலும் ஒரே விடைதான். உணவகத்தில் 50 வெள்ளி++ (10% சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி) என்றால் 50 × 1.1 × 1.09 = 59.95. சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு. 19% என்று சேர்த்துப் போட்டால் 45 காசு குறையும். வரியோடு சேர்ந்த 109 வெள்ளியிலிருந்து வரியைக் கழிக்க 9% குறைத்தால் 99.19 வரும், அது தவறு. 1.09-ஆல் வகுங்கள்.

இணையத்தில் அடிக்கடி சண்டை மூட்டும் 6 ÷ 2(1 + 2) கணக்குக்குக் கேசியோவின் இன்றைய சயின்டிஃபிக் மாடல்கள் 1 என்கின்றன, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 கால்குலேட்டர் 9 என்கிறது. பெருக்கல் குறி இல்லாத இடத்தைக் கேசியோ முதலில் கவனிக்கிறது; புதிய மாடல்களில் = தட்டியதும் அடைப்புக்குறியைத் தானே போட்டுக் காட்டும். சண்டை வேண்டாம், × குறியையும் அடைப்புக்குறியையும் நீங்களே போடுங்கள்.

எக்செல்லில் இன்னொரு பொறி. −3² என்பதற்குச் சயின்டிஃபிக் கால்குலேட்டர் −9 தரும்; =-3^2 என்று எழுதினால் எக்செல் 9 தரும். அங்கே −9 வேண்டுமானால் =-(3^2).