பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே நாம் பேசிவிடுகிறோம்: பதின்ம வயதினருக்குப் பேசப் பழக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பதின்ம வயதினருக்கான எங்கள் பேச்சுப் பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் பாடம் எடுத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவனிடம் "லீவுல என்ன பண்ணினே?" என்று கேட்டார். பையன் நிமிர்ந்தான், உதடு லேசாகப் பிரிந்தது, அதற்குள் "விளையாடினியா? ஊருக்குப் போனியா?" என்று இரண்டு கேள்விகள் வந்து விழுந்தன. பையன் "ஆமாம்" என்றான். எதற்கு ஆமாம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "குட்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். இருபது நிமிடம் இப்படியே ஓடியது. ஒன்பது பிள்ளைகளும் சேர்ந்து பேசியதை எழுதினால் ஐந்து வரி தேறாது, மீதி முழுக்க அவர் குரல்தான்.

அவர் நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். பதினோரு வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இதைத் தேடி வந்து படிக்கிறவருக்கு அது தெரிந்திருக்கும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை யோசிக்கும் நேரத்தை நாம் பிடுங்கிக்கொள்வது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இது ஒன்றுதான். பெற்றோர் செய்கிறார்கள், ஆசிரியர்கள் செய்கிறார்கள், பேசக் கற்றுக்கொடுக்கிறோம் என்று கிளம்பிய நாங்களே செய்கிறோம்.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வருகிறது. அவ்வளவு வேகத்துக்குப் பழகிய நமக்கு இரண்டு நொடி மௌனம்கூட ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி தோன்றும், உடனே எதையாவது சொல்லி அதை நிரப்பப் பார்ப்போம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளில் இதைத்தான் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு நொடி. அதையே மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பிறகும் அதே மாதிரி காத்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். என் அனுபவத்தில் அந்த இரண்டாவது காத்திருப்புதான் கஷ்டம். பலனும் அதில்தான் அதிகம்.

இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் கதவருகே நின்றான். பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். "சார், ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "என்ன, பேச்சுப் போட்டியா? பயமா இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கணம் என்னையே பார்த்தான். அப்புறம் "ஆமாம் சார்" என்றான். பத்து நிமிடம் மேடை பயத்தைப் பற்றிப் பேசினேன். மூச்சை எப்படி இழுத்துவிட வேண்டும் என்று செய்துகூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிப் போனான். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அவன் அப்பாவைப் பார்த்தேன். மேல் வகுப்புப் பையன்கள் சிலர் அவனைத் தினமும் மிரட்டி, அடித்து, பணம் பிடுங்கியிருக்கிறார்கள். கடைசியில் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்திய பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. "உங்ககிட்டதான் முதல்ல சொல்ல வந்தானாம் சார்" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. அவன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஒரு வார்த்தை எடுத்தான், மீதியை நானே என் இஷ்டத்துக்குச் சொல்லி முடித்துவிட்டேன். பெரியவர் ஒருவர் தவறாக ஊகித்துச் சொல்லும்போது "இல்லை, அது இல்லை" என்று மறுக்கிற தெம்பு இருந்தால் அவன் எங்கள் வகுப்புக்கே வந்திருக்க மாட்டான். இப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் வாக்கியத்தை முடித்துவைப்பதைப் பார்த்தால் அந்த வார் சுற்றிய விரல்தான் கண்ணுக்குள் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது பிள்ளையின் முகத்தையே குத்திட்டுப் பார்க்காதீர்கள், அது தேர்வு அறையில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். நேருக்கு நேர் உட்காருவதைவிட ஒன்றாக நடந்துகொண்டோ, ஏதாவது வேலை செய்துகொண்டோ பேசினால் மௌனம் உறுத்தாது. ஐந்துக்குப் பிறகும் பதில் வரவில்லையா, அப்போதும் நீங்கள் பதில்களைப் பட்டியல் போட வேண்டாம், கேள்வியைச் சின்னதாக்குங்கள். 'லீவு எப்படிப் போனது' என்பது பெரிய கேள்வி. 'நேத்து சாயங்காலம் எங்கே இருந்தே?' என்றால் பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடைக்கும். பதில் வந்ததும் 'அப்புறம்?' என்றுகூடக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும்.

பெற்றோருக்கு இது மருத்துவர் அறையில் நடக்கும். மருத்துவர் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து "எங்கேம்மா வலிக்குது?" என்கிறார், அம்மா பதில் சொல்கிறார். உள்ளே போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "நீதான் சொல்லப் போற. நான் கூடவே இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். ஏதாவது மறந்துட்டா என்னைத் திரும்பிப் பார், அப்ப சொல்றேன்." திரும்பிப் பார்க்கும் வரை பேசாமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. மகன் போனில் யாரிடமாவது விசாரிக்க வேண்டியிருந்தாலும் இதே கதைதான். முதல் வாக்கியத்தை மட்டும் அவனையே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று சைகை காட்டினால் அவன் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

பேசும்போதே திருத்துவது

முடிக்கட்டும். பிறகு ஒரே ஒரு திருத்தம், தனியாக.

முதல் வாரமே மேடையில் ஏற்றுவது

"நாலு பேர் முன்னாடி நின்னு பேசினா பயம் போயிடும்" என்று சொல்லாத பயிற்சியாளர் குறைவு. சிலருக்குப் போகும். பலருக்கு அந்த ஒரு நாள் வருடக்கணக்கில் நினைவில் நிற்கும். பதின்ம வயதினர் தங்களை எல்லோரும் எந்நேரமும் கவனித்துக்கொண்டிருப்பதாக நம்புகிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே எழுதி, அதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரும் வைத்தார். ஏற்கெனவே மனதுக்குள் ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு நடக்கிற பிள்ளையை நிஜக் கூட்டத்தின் முன் நிறுத்துகிறோம்.

அதோடு மேடைப் பேச்சும் அன்றாடப் பேச்சும் வேறு வேறு. பரிசு வாங்கிய பேச்சாளப் பெண் ஒருத்தி, வகுப்பில் புரியாத கணக்கை "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம், பிறகு இருவரிடம், தெரிந்தவரிடம், பிறகு தெரியாதவரிடம் என்று படிப்படியாகப் போங்கள். பதற்றமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் "பதறாதே" என்று சொல்லிப் பயனில்லை. இதயம் படபடப்பதைச் சொல்லி நிறுத்த முடியாது. 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்று அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் என் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு இது உதவியிருக்கிறது.

'வார்த்தைக்கு ஏழு சதவீதம்தான்' என்று சொல்லிக்கொடுப்பது

இதைச் சொல்லாத பயிற்சி வகுப்பே இல்லை போல. வார்த்தை 7, குரல் 38, முகம் 55 சதவீதம் என்று ஒரு வட்டப் படம் போடுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களைப் பலவிதக் குரல்களில் பதிவு செய்து, முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட பிள்ளைகள் கையை எங்கே வைப்பது என்பதிலேயே மூழ்கிவிடுகிறார்கள், என்ன சொல்ல வந்தோம் என்பது பின்னால் போய்விடுகிறது. ஒருவரிடம் வழி கேட்கும்போது வார்த்தைதான் வேலை செய்கிறது.

'கண்ணைப் பார்த்துப் பேசு'

எல்லாப் பிள்ளைக்கும் முடியாது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது வேதனையாகக்கூட இருக்கலாம். விட்டுவிடுங்கள்.

வீட்டில் பேசவில்லை என்றால் பேச்சே வரவில்லை என்று முடிவு கட்டுவது

"சார், என்கிட்ட 'ம்', 'ம்ஹூம்' தவிர ஒண்ணும் பேச மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் வருத்தத்தோடு சொல்வார்கள். அதே பையன் வகுப்பில் நண்பனோடு அரை மணி நேரம் விடாமல் பேசுவான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022-ல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மூளையில் உள்ள வெகுமதி உணர்வுப் பகுதிகள் (பிடித்தது கிடைத்தால் தூண்டப்படுகிற பகுதிகள்) அம்மாவின் குரலுக்கு அதிகம் துலங்கின. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது மாறி, அறிமுகமில்லாத குரல்களுக்கு அதிகமாகத் துலங்கின. வெளி உலகத்தோடு பழகத் தயாராகிற வயது அது. உங்களை வெறுத்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்தப்பாவோ, அத்தையோ, பயிற்சியாளரோ, யாரோ ஒரு பெரியவர் காது கொடுத்துக் கேட்க இருந்தால் போதும், வீட்டுப் பேச்சு பிறகு தானாக வரும்.

'இல்லை' சொல்லப் பழக்காமல் விடுவது

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, நன்றி சொல்வது, இவற்றையே திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறோம். பிள்ளைக்கு நிஜமாகத் தேவைப்படுகிற வாக்கியங்கள் வேறு. 'எனக்கு வேண்டாம்.' 'எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க.' 'நீ அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.' 'நான் செஞ்சது தப்பு.' இவற்றைச் சத்தமாக, ஜோடி ஜோடியாக, பல தடவை சொல்லிப் பழக வேண்டும். முதல் தடவை சொல்லும்போது 'வேண்டாம்' என்ற வார்த்தையோடு ஒரு மன்னிப்புச் சிரிப்பும் சேர்ந்து வரும், அது இல்லாமல் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஆறு வாரம் ஆனது. கதவருகே நின்ற அந்தப் பையனுக்கும் நான் கொடுத்திருக்க வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

போனைப் பிடுங்குவது

தட்டச்சு செய்வதும் பேச்சுதான். அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், போதும்.

எல்லாவற்றுக்கும் 'கூச்சம்' என்று பெயர் வைப்பது

திக்குகிற பிள்ளையிடம் "நிதானமா சொல்லு" என்று சொல்வதும், வார்த்தையை எடுத்துக் கொடுப்பதும் உதவி இல்லை. காத்திருந்து கேளுங்கள், பேச்சு சிகிச்சையாளரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை பள்ளியிலோ வெளியிலோ ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் அது பிடிவாதம் இல்லை, பதற்றத்தால் வருகிற நிலையாக இருக்கலாம். அதை எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் சரிசெய்துவிட முடியாது, மனநல நிபுணரைப் பார்க்க வேண்டும். காதுகளையும் சோதித்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் எதைக் கேட்டாலும் "ம்?" என்பாள், பாதி நேரம் பதிலே வராது. கவனம் இல்லை என்று இரண்டு மாதம் நினைத்திருந்தோம். சோதித்தபோது இடது காதில் கேட்கும் திறன் மிகவும் குறைவு என்று தெரிந்தது. வட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் அவளுடைய வலது பக்கம் வருகிற மாதிரி நாற்காலிகளை மாற்றிப் போட்டோம்.