டிரம் கோர் ஷோவில் "தீம் புரியவில்லை" என்று சொல்வதற்கு முன்

"வாசிப்பு பிரமாதம், நடையும் பிரமாதம். தீம்தான் கடைசிவரை புரியவில்லை." ஒவ்வொரு ஆகஸ்டிலும் டிரம் கோர் ரசிகர்கள் நடுவே இந்தப் பேச்சு கிளம்பும். புரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு கட்சி. புரிய வேண்டிய அவசியமே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஷோவை உருவாக்குகிறவர்களும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டிரம் கோர் என்பது அமெரிக்க இளைஞர்களின் அணிவகுப்பு இசைக்குழு. ட்ரம்பெட்டிலிருந்து டியூபா வரை பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. பெரிய குழுவில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். 21, 22 வயதோடு ஆட்டம் முடிந்தது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே வாசிக்க வேண்டும், அதிகம் போனால் 12 நிமிஷம். டிரம் கோர் இன்டர்நேஷனல் (டி.சி.ஐ.) என்ற அமைப்பு 1972 முதல் இதற்கு சாம்பியன்ஷிப் நடத்துகிறது. இப்போதெல்லாம் இறுதிப்போட்டி இண்டியானாபொலிஸ் நகரத்து லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்.

கதையைத் தேடிக்கொண்டிருப்பது

தீம் என்றதும் பலர் கதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். யார் நாயகன், அந்த வெள்ளை உடைப் பெண் யார், ஏன் அவளைத் தூக்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்ப்பார்கள். அதற்குள் மைதானத்தின் மறுகோடியில் 80 பேர் ஒரே வட்டமாகச் சுழன்று முடித்திருப்பார்கள். அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கதை சொல்லும் ஷோக்கள் இல்லாமல் இல்லை. 2008-ல் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு செய்த 'ஸ்பார்ட்டகஸ்' அந்த வகை. ரோமானிய அடிமைகளின் கலகம், அராம் கச்சதுரியனின் பாலே இசை, கடைசியில் "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று உறுப்பினர்கள் கத்துவார்கள். அந்த வரி 1960-ல் வந்த ஹாலிவுட் படத்தால் அமெரிக்காவில் எல்லோருக்கும் மனப்பாடம். கூத்துப் பார்க்க உட்கார்ந்தவருக்கு பாரதக் கதை முன்பே தெரியும் என்பதுபோல, அரங்கில் இருந்தவர்களுக்கு ஸ்பார்ட்டகஸ் கதை முன்பே தெரியும். ஷோ அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, நினைவூட்டினால் போதும். அந்த வருஷம் ஃபாண்டம் ரெஜிமென்ட் 0.025 புள்ளி வித்தியாசத்தில் ப்ளூ டெவில்ஸ் குழுவை முந்திப் பட்டம் வென்றது.

ஆக, 12 நிமிஷத்தில் கதை எடுபட வேண்டுமென்றால் அது பார்வையாளர் கையோடு கொண்டுவந்த கதையாக இருக்க வேண்டும். தெரியாத கதையை முகபாவனையாலும் கொடியாலும் புதிதாகச் சொல்லிப் புரியவைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். முகமே தெரியாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

கைதட்ட இடமில்லாததைப் புரியாமை என்று சொல்வது

இதுதான் முக்கியமான தவறு. இதை விளக்க 1993-ஐ விட நல்ல வருஷம் கிடையாது.

அந்த வருஷ இறுதிப்போட்டி மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரத்தில் நடந்தது. ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு சாமுவேல் பார்பரின் 'மெடியா' இசையையும் பேலா பார்ட்டோக்கின் இசையையும் எடுத்துக்கொண்டு வந்தது. இரண்டும் காதுக்கு இதமான சங்கதி இல்லை. மெடியா, துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்கிற கிரேக்கக் கதைப் பெண். ஆனால் மைதானத்தில் மெடியாவும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. உடல்கள் முறுகின, இசை கொதித்தது, ஒரு பகுதி முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது. வழக்கமாக அணிவகுப்பு இசையில், இதோ பெரிய ஸ்வரக்கூட்டு, இதோ முன்னால் வந்து நிற்கிறோம், இப்போது எழுந்து கத்துங்கள் என்று இடம் கொடுப்பார்கள். அந்த இடங்களை ஸ்டார் எடுத்துவிட்டது. அந்தக் கோடையில் சில ஊர்களில் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டு எதிர்ப்புக் காட்டியது. "ஒன்றும் புரியவில்லை" என்பதுதான் அவர்கள் சொன்ன குறை.

சரி, இறுதிப்போட்டி இரவில் 97.4-க்கு 97.3 என்ற புள்ளிக்கணக்கில் ஸ்டாரைத் தோற்கடித்தது யார்? நியூ ஜெர்சியின் கேடட்ஸ் குழு. அவர்கள் ஷோவின் தலைப்பு, 'ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் வசந்த காலத்தில்'. பைபிளில் சாமுவேலின் இரண்டாம் நூலில் தாவீது அரசன் பத்சேபாளைப் பார்க்கும் அத்தியாயம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. டேவிட் ஹோல்சிங்கர் என்ற இசையமைப்பாளர் அந்தப் பெயரில் எழுதிய இசை அது. மைதானத்தில் தாவீது எங்கே, பத்சேபாள் எங்கே, கேடட்ஸ் ஏன் இப்படி மின்னல் வேகத்தில் ஓடுகிறார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் வேகம் இருந்தது, சத்தம் இருந்தது, எழுந்து நின்று கத்த இடம் இருந்தது.

இரண்டு ஷோவின் தீமும் சராசரி ரசிகருக்கு ஒரே அளவு தூரம்தான். ஒன்றைப் பற்றி மட்டும் "புரியவில்லை" என்று புகார். அப்படியானால் புகார் தீமைப் பற்றியது இல்லை. எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் தவித்ததைத்தான் ஜனங்கள் அந்த வார்த்தையில் சொன்னார்கள். அது நியாயமான குறைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் நோட்டீஸில் இன்னும் இரண்டு பத்தி விளக்கம் எழுதுவது அல்ல.

அப்புறம் நடந்ததும் சுவாரசியம். ஸ்டார் அந்த வருஷத்தோடு போட்டியை விட்டே விலகி மேடைப் பக்கம் போனது. அவர்கள் வளர்த்தெடுத்த 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சி நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் வரை போய் 2001-ல் டோனி என்ற நாடக விருது வாங்கியது. கூச்சல் வாங்கிய 1993 ஷோவை இன்று டிரம் கோர் வரலாற்றின் பெரிய ஷோக்களில் ஒன்றாகப் பேசுகிறார்கள். இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் யாரும் புதிதாக விளக்கவுரை எழுதவில்லை. கேட்கிற காதுதான் பழகிவிட்டது.

பேசிப் புரியவைக்கப் பார்ப்பது

இது வடிவமைப்பாளர்கள் பக்கத்துத் தவறு. 2004-ல் டி.சி.ஐ. மைக் வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2009-ல் சிந்தசைசர் போன்ற எலெக்ட்ரானிக்ஸுக்கும் வழி திறந்தது. மைக் வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றிய யோசனை, தீமை வாயால் சொல்லிவிடலாம் என்பது. கேடட்ஸ் 2007-ல் 'இதுதான் என் நம்பிக்கை' என்கிற பொருளில் ஒரு ஷோ செய்தார்கள். உறுப்பினர்களே பேசினார்கள். பேச்சு அதிகமாகிவிட்டது என்று ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இப்போதும் வசனம் அதிகமுள்ள ஷோ என்றால் உதாரணத்துக்கு அதைத்தான் இழுப்பார்கள்.

எனக்கு அதில் தெரிகிற சிக்கல் எளிமையானது. பித்தளை வரிசை முழு மூச்சில் ஊதும்போது ஒரு மனிதக் குரல் பேசினால், காது குரலின் பின்னால்தான் போகும். வார்த்தை என்று வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு எதையும் கேட்க நமக்குத் தெரியாது. அதுவும் பெரிய ஸ்டேடியத்தில் எதிரொலியோடு வரும் வசனத்தில் பாதி விழாது. விழுந்த பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பதிலேயே ஒரு நிமிஷம் போய்விடும். புரியவைக்கப் போட்ட வசனமே புரியாமல் போவது இப்படித்தான்.

பேச்சே இல்லாமல் தீமை உடம்புக்குள் இறக்கலாம் என்பதற்கு ஒஹையோவின் ப்ளூகோட்ஸ் 2014-ல் செய்த 'டில்ட்' நல்ல சான்று. டில்ட் என்றால் சாய்வு. மேடைப் பொருள்கள் சாய்வாக, அணிவரிசைகள் சாய்வாக. ஒரு கட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸும் பித்தளை வரிசையும் சேர்ந்து சுருதியையே வழுக்கவிட்டுக் கீழே இறக்கி, திரும்ப மேலே கொண்டுவருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கே தரை சரிகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் கூட்டம் அலறுவதைக் கேட்டுப் பாருங்கள். தலைப்பு என்னவென்று தெரியாதவரும் அலறியிருப்பார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது, முதலிடம் 99.65 என்ற சாதனைப் புள்ளியோடு ப்ளூ டெவில்ஸுக்குப் போனது. ஆனால் அந்தச் சீசனில் இருந்து ரசிகர்கள் அதிகம் பேசியது டில்ட்டைத்தான் என்பது என் கணக்கு. இரண்டு வருஷம் கழித்து, 2016-ல், அதே குழு 'டவுன் சைடு அப்' செய்தது. தொப்பியே இல்லாமல் சரிவுமேடைகளில் வழுக்கிக்கொண்டே வாசித்தார்கள். முதல் சாம்பியன் பட்டமும் வந்தது.

நடுவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று இருப்பது

மொத்தம் 100 புள்ளி. இசைக்கு 30, காட்சிக்கு 30, ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40. ஜெனரல் எஃபெக்ட் என்கிற இந்த 40-தான் தீம் விவாதத்தின் அடிப்படை. அறிவு, உணர்ச்சி, அழகு என்று மூன்று வழியில் பார்வையாளரை ஈர்க்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். கதை விளங்கியதா என்று கேட்பதில்லை.

நடுவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் வேறு. அவர் ஒரே ஷோவை ஒரே கோடையில் பல தடவை பார்க்கக்கூடியவர். போட்டி முடிந்ததும் வடிவமைப்பாளர்கள் நடுவர்களோடு உட்கார்ந்து, இது இதற்காக வைத்தோம், அது அடுத்த வாரம் மாறும் என்று பேசும் வழக்கமும் உண்டு. டிக்கெட் வாங்கிய ஆள் ஒரே தடவை பார்க்கிறார், அவரிடம் யாரும் வந்து பேசுவதில்லை. ஆகவே நடுவர்களிடம் எடுபட்ட ஒரு நுணுக்கம் கூட்டத்திடம் எடுபடாமல் போனால், கூட்டத்துக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழுக்களில் சிலர் அப்படிச் சொல்வதைக் கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வேடிக்கை. 2012-ல் ப்ளூ டெவில்ஸ் 'கேபரே வோல்டேர்' என்று ஒரு ஷோ செய்து பட்டம் வென்றது. 1916-ல் சூரிச் நகரத்தில் 'தாதா' என்ற கலை இயக்கத்தார் கூடிய இடத்தின் பெயர் அது. அர்த்தத்தை வேண்டுமென்றே கவிழ்ப்பதுதான் தாதாவின் வேலையே. அந்த ஷோவைப் பார்த்துவிட்டு அர்த்தம் புரியவில்லை என்று கோபப்பட்டவர்களுக்கு, தீம் சரியாகவே புரிந்திருக்கிறது.

தீமே வேண்டாம் என்பது

பழைய ஆட்கள் சொல்வது: முன்பெல்லாம் நாலு பாட்டு, ஒரு டிரம் சோலோ, முடிந்தது. 1988-ல் மேடிசன் ஸ்கவுட்ஸ் 'மலகேன்யா' வாசித்துக் கோப்பையை வாங்கியபோது என்ன தீம் இருந்தது?

உண்மைதான். ஆனால் தீம் யாருக்கு உதவுகிறது என்பதை இந்த வாதம் கவனிப்பதில்லை. முதலில் உதவுவது உள்ளே இருப்பவர்களுக்கு. இந்த இசைக்கும் அடுத்த இசைக்கும் நடுவே என்ன வரவேண்டும், கொடித்துணி என்ன நிறம், இந்த இடத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மேமாதம் வெயிலில் நிற்கும் 19 வயதுப் பையன் கேட்டால், சொல்ல ஒரு பதில் வேண்டும். 150 பேருக்கும் ஒரே பதில் வேண்டும். அந்தப் பதில் நம் காதுக்கு வந்து சேராவிட்டாலும், அவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

தப்பான இடத்திலிருந்து பார்ப்பது

சிலசமயம் குறை தீமிலும் இல்லை, நம்மிலும் இல்லை, சீட்டில் இருக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் மைதானத்தின் முன்ஓரத்தில் இருக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற தாளக் கருவிகள் நன்றாகக் கேட்கும், மைதானத்தில் வரையப்படும் உருவங்கள் மட்டும் தெரியவே தெரியாது. மைதானத்தின் நடுவில் உள்ள 50 கெஜக் கோட்டுக்கு நேரே, உயரமான வரிசையை மனதில் வைத்துத்தான் டிரில், அதாவது யார் எங்கே நகர வேண்டும் என்ற திட்டத்தை எழுதுகிறார்கள்.

நம்மில் பெரும்பாலோர் வீடியோவில்தான் பார்க்கப்போகிறோம். பல கேமராக்களை வெட்டி ஒட்டிய பதிப்பில் ஒரு ட்ரம்பெட் பையனின் முகத்தைக் காட்டும் நேரத்தில்தான் அணிவரிசை மாறியிருக்கும். ஆகவே முதல் தடவை உயரத்திலிருந்து ஒரே கேமராவில் எடுத்த பதிப்பைப் பாருங்கள். தலைப்பையும் விளக்கத்தையும் அதற்கப்புறம் படித்தால் போதும். இரண்டாம் தடவை முகங்களைப் பார்க்கலாம். ஆரம்பிக்க எது நல்லது என்று கேட்டால் 2014 'டில்ட்' என்பேன், அடுத்து 2008 'ஸ்பார்ட்டகஸ்'. 1993 ஸ்டாரைப் பத்துப் பதினைந்து ஷோ பார்த்தபின் போடுங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு.