கொசு யார் ரத்தத்தைக் குடித்தது? டி.என்.ஏ. பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிறு சிவந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொசு கடைசியாக எந்த விலங்கைக் கடித்தது என்பதை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதன் வயிற்றை நசுக்கி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். முதுகெலும்புள்ள விலங்குகளுக்குப் பொதுவான ஒரு மரபணுத் துண்டை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து, தரவுத்தளத்தில் தேடினால் 'மாடு', 'கோழி', 'மனிதர்' என்று விடை வரும். மலேரியா, வெஸ்ட் நைல் காய்ச்சல், மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா, செட்சி ஈ பரப்பும் தூக்க நோய் என எதை எடுத்துக்கொண்டாலும், பூச்சி யாரைக் கடிக்கிறது என்று தெரியாமல் நோய் பரவும் வழி விளங்காது.

செய்முறை எளிதாக இருப்பதுதான் தொல்லை. என்ன போட்டாலும் தரவுத்தளம் ஏதோ ஒரு விலங்கின் பெயரைச் சொல்லிவிடும். பிழைகள் இரண்டு விதமாக வந்து சேர்கின்றன: கடிபடாத விலங்கு பட்டியலில் ஏறிக்கொள்ளும்; கடிபட்ட விலங்கு பட்டியலிலிருந்து நழுவிவிடும். முதலாவதைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள், அதற்கென்று ஒப்பீட்டு மாதிரிகளும் வைக்கிறார்கள். இரண்டாவது சத்தமில்லாமல் நடப்பதால் கண்ணில் படுவதில்லை. என் கணிப்பில் அதிகக் கேடு செய்வது அதுதான்.

பிடித்த பிறகும் செரிமானம் நடக்கிறது

ஒரு கொசு ஒரு வேளைக்குக் குடிப்பது சுமார் 2 முதல் 4 மைக்ரோலிட்டர் ரத்தம். உள்ளே போன நிமிடத்திலிருந்தே நொதிகள் அதை உடைக்கத் தொடங்கிவிடும். வெப்பமான சூழலில் ஒரு நாள், ஒன்றரை நாள் தாண்டினாலே விடை கிடைக்கும் வாய்ப்பு கடகடவென்று சரியும். மூன்றாம் நாளில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. இது தெரிந்தும், இரவு வைத்த பொறியை மறுநாள் சாவகாசமாக எடுத்து, கொசுக்களை உயிரோடு டப்பாவில் அடைத்து, மாலையில் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த நேரமெல்லாம் டப்பாவுக்குள் ஆதாரம் செரித்துக்கொண்டிருக்கிறது. பிடித்ததும் ஃபிரீசரிலோ அடர் எத்தனாலிலோ போட்டுவிட வேண்டும். வசதி இல்லாத இடத்தில், கொன்று உலர்த்தி சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தாலும் போதும். ஃபார்மலின் மட்டும் வேண்டவே வேண்டாம், அது டி.என்.ஏ.வைப் புரதங்களோடு பிணைத்து, பெருக்கவே முடியாதபடி செய்துவிடும்.

வயிறு எந்த நிலையில் இருந்தது என்பதையும் அப்போதே குறித்துவைக்க வேண்டும். ரத்தமே குடிக்காத நிலையிலிருந்து முட்டை முற்றிய நிலை வரை ஏழு படிகளாகப் பிரிக்கும் செல்லா அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், விடை வராத மாதிரியில் ரத்தம் செரித்துப்போனதா, பரிசோதனை பிழைத்ததா என்று பின்னால் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

கொசுவின் கணக்கை எல்லாப் பூச்சிக்கும் போடுவது இன்னொரு தவறு. சாகஸ் நோயைப் பரப்பும் டிரையடோமைன் பூச்சி மெதுவாகச் செரிக்கும். வாரங்கள் கழித்தும் அதன் குடலில் பழைய ரத்தத்தின் சுவடு இருக்கும். அதனால் அங்கே கிடைக்கும் மூன்று விலங்குகளின் டி.என்.ஏ.வும் ஒரே இரவில் குடித்ததாக இருக்க வேண்டியதில்லை. உண்ணி பூச்சியே அல்ல, எட்டுக்கால் இனம். இருந்தும் இதே பரிசோதனைக்கு வருகிறது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியது என்பதால் அதனுள் மிஞ்சுவது நொறுங்கிய துணுக்குகள்தான். இப்படி நொறுங்கிய டி.என்.ஏ.வுக்கு நீளமான துண்டைத் தேடும் பிரைமர் (பி.சி.ஆரில் எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுக்கும் சிறு டி.என்.ஏ. இழை) பயன்படாது. நூறு, நூற்றைம்பது எழுத்து நீளத்துக்குள் தேடினால்தான் ஏதாவது அகப்படும்.

பறவையின் ரத்தமும் பாலூட்டியின் ரத்தமும் ஒன்றல்ல

வழிகாட்டிக் குறிப்புகள் பலவும் ஒரு வரியில் தாண்டிப்போகும் விஷயம் இது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, தனக்கெனச் சொந்த டி.என்.ஏ. வைத்திருக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. மனித ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் இருந்தாலும், உட்கரு டி.என்.ஏ. கொடுப்பவை அதிலுள்ள 4,000 முதல் 11,000 வரையிலான வெள்ளையணுக்களே. பறவை, பல்லி, தவளை ஆகியவற்றின் சிவப்பணுக்களிலோ உட்கரு உண்டு. ஆக, ஒரே அளவு ரத்தத்தில் கோழி தரும் உட்கரு டி.என்.ஏ. மனிதர் தருவதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு.

இதன் விளைவு நேரடியானது. ஒரு கொசு கோழியையும் மனிதரையும் அடுத்தடுத்துக் கடித்திருந்தால், பி.சி.ஆரில் கோழி முந்திக்கொண்டு மனிதரை மறைத்துவிடக்கூடும். நன்றாகச் செரித்துப்போன வயிற்றிலும் பறவையின் சுவடு கூடுதல் நேரம் தங்க வாய்ப்பு இருக்கிறது. விடை வந்த மாதிரிகளை மட்டும் எண்ணினால், அந்தக் கொசு இனம் உண்மையில் இருப்பதைவிடப் பறவைகளை அதிகம் கடிப்பதுபோல் தோன்றும்.

சைட்டோகுரோம் பி போன்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், ஒரு செல்லில் அவை நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதுதான். பாலூட்டிகளின் ரத்தத் தட்டுகளிலும் மைட்டோகாண்ட்ரியா இருப்பதால் இடைவெளி கொஞ்சம் குறைகிறது, ஆனால் அடைபடவில்லை. ஆகவே ஒரே நேரத்தில் ஏராளமான துண்டுகளைப் படிக்கும் புதிய தலைமுறை வரிசைப்படுத்தலில் '70 விழுக்காடு வரிசைகள் கோழி' என்று வந்தால், குடித்த ரத்தத்திலும் 70 விழுக்காடு கோழியுடையது என்று எழுதிவிடக் கூடாது. வரிசைகளின் எண்ணிக்கை ரத்தத்தின் அளவு அல்ல.

வெறும் ஜெல்லும் ஒரு விடைதான்

1994இல் வெளியான ஃபோல்மர் பிரைமர்கள், ஒரு டி.என்.ஏ. துண்டை வைத்து இனத்தை அடையாளம் காணும் உயிரினப் பட்டைக்குறி வேலைக்குப் பேர்போனவை. சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் பெருக்கும். ஆனால் அவை முதுகெலும்பில்லாத உயிரினங்களுக்காக உருவாக்கப்பட்டவை. கொசு வயிற்றில் போட்டால் அவை முதலில் பிடிப்பது கொசுவைத்தான். மாதிரியில் பெரும்பங்கு கொசுவின் சொந்த டி.என்.ஏ. என்பதை மறந்து பிரைமர் வாங்குபவர்களுக்குக் கிடைப்பது, தாங்கள் ஏற்கெனவே அறிந்த கொசுவின் பெயர்.

அதற்குத் தீர்வாக முதுகெலும்பிகளை மட்டும் பிடிக்கும் பிரைமருக்கு மாறுவது சரிதான். ஆனால் அதற்கும் பார்வை வரம்பு உண்டு. யுரனோடீனியா சஃபிரினா என்ற கொசுவின் கதை இதற்கு நல்ல பாடம். அது தவளை போன்றவற்றைக் கடிக்கும் என்றே எண்ணியிருந்தார்கள். ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வில், ரத்தம் நிறைந்த வயிறு இருந்தும் முதுகெலும்பிப் பிரைமர்கள் எதையும் பெருக்கவில்லை. அத்தனையும் கெட்டுப்போன மாதிரிகள் என்று தூக்கி எறிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் வேறு பிரைமர்களைப் போட்டுப் பார்த்தார்கள். மண்புழுவும் அட்டையும் வந்தன. முதுகெலும்பில்லாத புழுக்களையே முதன்மை உணவாகக் கொண்ட கொசு அது என்று 2018இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் வயிறு மீண்டும் மீண்டும் வெறும் ஜெல்லாக (பெருக்கிய டி.என்.ஏ.வைப் பார்க்கும் ஜெல்லில் ஒரு கோடும் தெரியாமல்) வந்தால், மாதிரியைச் சந்தேகிப்பதற்கு முன் பிரைமரைச் சந்தேகிக்க வேண்டும்.

இதே ரகத்தில் சேர்வது, வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் தெரியும் மாதிரிகளைத் 'தரம் குறைவு' என்று ஒதுக்குவது. இரண்டு விலங்குகளின் ரத்தம் கலந்திருந்தால் முகடு அப்படித்தான் வரும். குடித்துக்கொண்டிருக்கும்போது விரட்டப்பட்ட கொசு அடுத்த விலங்கைத் தேடிப் போகும். கிருமி ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவுவதை விளங்கிக்கொள்ள இத்தகைய கலப்பு மாதிரிகளே அதிகம் உதவும், அவற்றைத்தான் குப்பையில் போடுகிறோம். இனத்துக்கு ஒன்றாகப் பல பிரைமர்களை ஒரே குழாயில் போடும் மல்டிபிளெக்ஸ் முறையோ, ஆழமான வரிசைப்படுத்தலோ இதற்கு உதவும். மல்டிபிளெக்ஸில், நாம் போட்ட விலங்குகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதை நினைவில் வைத்தால் சரி.

மனிதர், மாடு, பன்றி

எதிர்பாராத இடத்தில் இந்த மூன்றில் ஒன்று வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். மனித டி.என்.ஏ. கையாள்பவரின் தோலிலிருந்தும் எச்சிலிலிருந்தும் வரும். மாடும் பன்றியும் வருவது பலருக்கு வியப்பாக இருக்கும்: வேதிப்பொருட்களிலேயே வருகின்றன. பி.சி.ஆர். நன்றாக ஓடுவதற்காகச் சேர்க்கும் சீரம் அல்புமின் மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. இத்தகைய வேதிப்பொருட்களில் வீட்டு விலங்குகளின் டி.என்.ஏ. தங்கியிருப்பதைப் பழங்கால எலும்புகளை ஆராய்பவர்கள் முன்பே கண்டு எச்சரித்திருக்கிறார்கள்.

வெறும் தண்ணீரை ஒப்பீட்டு மாதிரியாக வைப்பது போதாது. ஆண் கொசு ரத்தம் குடிப்பதே இல்லை, அதனால் அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஒவ்வொரு தொகுதியிலும் சில ஆண் கொசுக்களை, பிரித்தெடுப்பு முதல் வரிசைப்படுத்தல் வரை எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஆண் கொசுவில் மாடு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. வயிற்றை வெட்டும் இடுக்கியை எத்தனாலில் நனைத்துத் துடைத்தால் கிருமி சாகலாம், டி.என்.ஏ. அழியாது. அதற்கு பிளீச் வேண்டும். பல கொசுக்களின் வயிறுகளை ஒரே குழாயில் சேர்த்துப் பணம் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம், எந்தக் கொசு எதைக் குடித்தது என்பதே அதில் கரைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மனித டி.என்.ஏ. வந்த மாதிரிகளையெல்லாம் 'கைபட்டது' என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒப்பீட்டு மாதிரிகள் சுத்தமாக இருக்கும்போது அப்படித் தள்ளினால், மனிதரைக் கடிக்கும் கொசுவை நல்ல பிள்ளையாக்கி அனுப்பியதாகிவிடும்.

தரவுத்தளம் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

முதலில் வந்த பெயரை அப்படியே எழுதிக்கொள்வது சோம்பேறித்தனம். 99 விழுக்காடு பொருத்தம் என்பது 80 எழுத்துக்கா, 400 எழுத்துக்கா என்று பார்க்க வேண்டும். பொதுத் தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகளும் இருக்கின்றன. நாம் தேடும் விலங்கின் வரிசை அங்கே இல்லவே இல்லை என்றால், அதன் உறவுக்கார இனம் முதலிடத்தில் வந்து நிற்கும். அந்த விலங்கு அந்த நிலப்பகுதியிலேயே வாழாதது என்றால் அங்கேயே உஷாராக வேண்டும்.

குட்டையான மைட்டோகாண்ட்ரியா துண்டு ஒன்றை வைத்து நாயா ஓநாயா, வீட்டுப் பன்றியா காட்டுப்பன்றியா, கோழியா காட்டுக்கோழியா என்று அடித்துச் சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால் கலப்பின விலங்கில் தந்தையின் இனம் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு விடையைக் குழப்பும் போலிப் பிரதிகளும் உண்டு. பூனையில் கிட்டத்தட்ட 7,900 எழுத்து நீளமுள்ள இத்தகைய துண்டு பல முறை அடுத்தடுத்துப் பதிந்திருக்கிறது.

விடையை மீறிப் பேசுவது

1964இல் காரட் ஜோன்ஸ் முன்வைத்த மனித ரத்தக் குறியீடு, ரத்தம் குடித்த கொசுக்களில் எத்தனை பங்கு மனித ரத்தம் குடித்தவை என்று கணக்கிடுகிறது. அந்தக் கொசுக்களைப் படுக்கையறைச் சுவரில் பிடித்தால் எண் ஏறும், தொழுவத்தில் பிடித்தால் இறங்கும். ஆக, எங்கே பிடித்தது என்று சொல்லாத குறியீட்டுக்கு மதிப்பு குறைவு. அதேபோல், பத்தில் எட்டு கொசு மாட்டைக் கடித்திருந்தால் கொசுவுக்கு மாடு பிடிக்கும் என்று பொருளாகாது. அங்கே மாடுதான் நிறைய இருந்திருக்கலாம். சுற்றியுள்ள விலங்குகளை எண்ணாமல் விருப்பம் பற்றிப் பேச முடியாது. பருவமும் மாற்றும்: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ராபின் பறவைகள் கூட்டமாக இடம்பெயர்ந்த பிறகு கோடைக் கடைசியில் கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்ற கொசு மனிதர் பக்கம் திரும்புவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே மாதத்து மாதிரியை வைத்து ஆண்டு முழுவதற்கும் தீர்ப்பு எழுதினால் இந்தத் திருப்பம் கண்ணில் படாது.

கொசுவுக்குள் மாட்டு ரத்தமும் ஒரு வைரஸும் சேர்ந்து கிடைத்தாலும், வைரஸ் மாட்டிடமிருந்து வந்தது என்று ஆகிவிடாது. முந்தைய வேளையில் வேறொரு விலங்கிடமிருந்து வந்து உடலில் தங்கியிருக்கலாம். 2008இல் பின்லாந்து போலீசார் திருடுபோன காரில் ரத்தம் குடித்த கொசு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதன் டி.என்.ஏ. அவர்களின் பதிவேட்டிலிருந்த ஒருவருடையதோடு ஒத்துப்போனது. வழியில் லிஃப்ட் கேட்டு அந்தக் காரில் ஏறியதாக அவர் சொன்னார். கொசு வயிற்றில் இருந்தது அவருடைய ரத்தம் என்பதற்கு மேல் அந்தப் பரிசோதனையால் ஒன்றும் சொல்ல முடியாது.

முடிவுகளை எழுதும்போது எத்தனை பூச்சிகளைப் பரிசோதித்தோம், எத்தனைக்கு விடை வந்தது, வராதவை செல்லா அளவுகோலில் எந்தப் படியில் இருந்தன, எத்தனை கலப்பு மாதிரிகளை ஒதுக்கினோம் என்ற நான்கையும் அட்டவணையில் முதல் வரிசையிலேயே போட்டுவிட வேண்டும். பல அறிக்கைகளில் வட்ட வரைபடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், விடை வராத பாதி எங்கும் இருக்காது.