பயப்படுகிற நாளில் கர்த்தரை நம்புவது எப்படி?

பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் "உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, சபையில் எத்தனையோ பேர் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். சங்கீதம் 56-ஐ எடுத்துப் பாருங்கள். காத் ஊரில் பெலிஸ்தர் தாவீதைப் பிடித்த சமயத்தில் பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. கோலியாத்தின் சொந்த ஊர் அது, அவனைக் கொன்றவர் அங்கேயே போய் மாட்டிக்கொண்டால் எப்படி நடுங்கியிருப்பார்! அந்த நடுக்கத்தில் வந்த வசனம்தான், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் தீர்ந்த மறுநாள் நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. அதனால் மனம் அமைதியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், கை நடுங்கும்போதே ஆரம்பியுங்கள்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யூதா தேசத்தை ஆண்ட எசேக்கியா ராஜா. 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துவிட்டான். எசேக்கியா முதலில் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார், ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னைக்கூடக் கழற்றிக் கொடுத்தார், ஆனாலும் சேனை வந்துவிட்டது. அப்புறம் மிரட்டல் கடிதமும் வந்தது. அதை வாசித்ததும் அவர் ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தார். ஜெபத்திலும் நிலைமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அசீரியர் மற்ற தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொண்டுதான், "எங்களை இரட்சியும்" என்று கேட்டார்.

இதை அப்படியே செய்யலாம். உங்கள் பயத்துக்கு ஒரு காகிதம் இருந்தால், அது மருத்துவ அறிக்கையோ வங்கிக் கடிதமோ வேலையை விட்டு நிறுத்திய கடிதமோ எதுவானாலும், அதை எடுத்து முன்னால் விரித்து வைத்து ஜெபியுங்கள். காகிதம் இல்லையென்றால் ஒன்றை எழுதுங்கள். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களோ அதையே பச்சையாக எழுதுங்கள். அம்மாவின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் எழுதியது ஒரே வரி: "ஆண்டவரே, அம்மா இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது." அதை எழுதி முடிக்கும்வரை என் ஜெபத்தில் கண்ணீரே வரவில்லை, அதற்கு முன் நான் ஜெபித்ததெல்லாம் பழகிப்போன வார்த்தைகள்தான்.

இன்னொன்று, தனியாகச் சுமக்காதீர்கள். எசேக்கியா தானும் ஜெபித்தார், எங்களுக்காக விண்ணப்பம் செய்யும் என்று ஏசாயா தீர்க்கதரிசியிடமும் ஆள் அனுப்பினார். இயேசுவே, பிடிக்கப்பட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் தம் சீஷர்களான பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், தம் ஆத்துமாவின் துக்கத்தைச் சொல்லி, "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டாரே! உடனே அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் சொல்லுங்கள், ஒருவர் போதும்.

உடம்பையும் கவனியுங்கள். தன்னைக் கொல்லப்போவதாக மிரட்டிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா மறுபடியும் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் பயம் பிடித்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

நம்பினால் நான் பயப்படுவது நடக்கவே நடக்காது என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்குத் தவறும்போது பலர் தேவனையே விட்டுவிடுகிறார்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அதே மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். எனக்கு இந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்ல வெகுநாள் ஆயிற்று. உங்களுக்கும் இன்று வராவிட்டால் பரவாயில்லை, அது வரவில்லை என்பதையும் அவரிடமே சொல்லுங்கள்.

நடுராத்திரியில் விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கும்போது நீளமாக ஜெபிக்க முடியாது. தண்ணீரில் அமிழ்ந்துகொண்டே பேதுரு கூப்பிட்டது, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான். அதையே மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் பயம் திரும்பி வந்தால் திரும்பவும் அதையே சொல்லலாம், கெத்செமனேயில் இயேசுவும் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார்.